இடைவேளைக்கு முன் ஸ்ட்ராஸ், பின் எலிங்டன்

பாஸ்டன் பக்கம் கன்சர்வேட்டரி, அதாவது இசைக்கல்லூரி மாணவர்கள் நடத்தும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார வேண்டியதுதான். டிசம்பர் தொடக்கத்தில் அப்படி ஒன்றுக்கு, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் பின்னால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன், வாசித்த பிள்ளைகளுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், பாவம்.

நிகழ்ச்சி நிரல் இப்படி: முன்பாதியில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் செரினேடு, பெர்சி கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போசி'. இடைவேளை. பின்பாதியில் லெனார்டு பெர்ன்ஸ்டைனின் 'பிரெலூட், ஃபியூக் அண்ட் ரிஃப்ஸ்', கடைசியாக சாய்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் பாலே இசையை டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் பிக் பேண்டுக்கு, அதாவது பெரிய ஜாஸ் குழுவுக்கு, மாற்றி எழுதியதிலிருந்து சில பகுதிகள். முதலில் கனமான சாஸ்திரிய சங்கதி, அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தால் பரிசாக ஜாஸ். இந்த நினைப்பு அந்த வரிசையிலேயே தெரிந்தது. கையில் கொடுத்த தாளிலும் ஸ்ட்ராஸைப் பற்றி ஒரு பக்கம், எலிங்டனைப் பற்றி நாலு வரி. இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிற விஷயம். இந்த இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

முன்பாதியில் வாசித்தது விண்ட் என்செம்பிள். அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயலின் கிடையாது, செல்லோ கிடையாது. ஊதுகிற வாத்தியங்களும் தாளவாத்தியங்களும் மட்டும், தேவைப்பட்டால் ஒரு டபுள் பேஸ். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை ஓய்வுக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஓபோக்காரருக்கும் டிராம்போன்காரருக்கும் முழு மேடையும் கிடைக்கிற இடம் இது. அமெரிக்காவில் இதற்கு முன்னால் இருந்தது பெரிய பெரிய பேண்டுகள்தான், ஒரே வரியைப் பத்துப் பேர் சேர்ந்து கிளாரினெட்டில் ஊதுவார்கள். ரோச்செஸ்டர் ஊரில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் இருந்த ஃபிரெடெரிக் ஃபென்னல், 1951இல் மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது, இத்தனை பேர் எதற்கு, ஒரு வரிக்கு ஒரே ஆள் போதாதா என்று யோசித்திருக்கிறார். 1952இல் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. ஒரு வரிக்கு ஒரே ஆள் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை என்று அர்த்தம். மூன்றாவது கிளாரினெட் பிசிறினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்.

ஸ்ட்ராஸ் இந்த செரினேடை எழுதியபோது அவருக்கு 17 வயது. 13 வாத்தியங்கள், சுமார் பத்து நிமிடம். அப்பா ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ் மியூனிக் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் ஹார்ன் வாசித்தவர், வாக்னரின் இசையைக் கண்டாலே ஆகாது, ஆனால் வாக்னரின் ஓபராக்களில் ஹார்ன் பகுதியை அவரைப்போல் வாசிக்க ஆளில்லை என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன் நாலு ஹார்ன்களைச் சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும்? நடுவில் ஓர் இடத்தில் ஹார்ன்கள் மெல்ல எழும்பி மற்ற வாத்தியங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். மாணவர்கள் அந்த இடத்தை நன்றாகவே வாசித்தார்கள். தொடக்கத்தில் சுருதி கொஞ்சம் உதைத்தது உண்மை. வெளியே நடுக்கும் குளிர், மர வாத்தியம் சூடேறும்வரை தணிந்தே ஒலிக்கும், ஊத ஊத ஏறும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஏறும்.

அப்பா என் காதருகில் வந்து, "ஏன்டா, இவங்கள்லாம் எங்க மூச்சு வாங்கறாங்க?" என்றார். மன்னார்குடி பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர் அவர், ஊதுகிற வாத்தியம் என்றாலே முதலில் மூச்சைத்தான் பார்ப்பார். சரியான கேள்வி. நாதஸ்வரத்தில் ஒத்துக்காரர் மூக்கால் இழுத்து வாயால் விட்டு சுருதி அறாமல் பார்த்துக்கொள்வார், ஒருவர் நிறுத்தும் இடத்தில் கூட வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அதெல்லாம் வாசிக்கிறவர்கள் அந்தந்த நேரத்தில் தீர்த்துக்கொள்கிற விஷயம். இங்கே அதை எழுதுகிறவரே தீர்த்துவைத்திருக்கிறார். ஓபோ ஒரு வரியைத் தொடங்கும், அது முடியும் முன் கிளாரினெட் அடியில் சேர்ந்திருக்கும், ஓபோ மூச்சு வாங்கப் போனது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இதைச் சொன்னதும் அதன்பிறகு பாட்டைவிட யார் எப்போது தோளைத் தூக்குகிறார்கள் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

கிரெய்ஞ்சர் வேறு மாதிரி ஆள். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயரெடுத்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1905, 1906 ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் அலைந்து வயதான பாடகர்களிடம் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார், மெழுகு உருளையில் பதிவுசெய்யும் கருவியையும் தூக்கிக்கொண்டு போனார். பாடகர் தாளத்தில் அரை எண்ணிக்கை விட்டுவிட்டால் மற்ற சேகரிப்பாளர்கள் அதைத் திருத்திவிடுவார்கள், கிரெய்ஞ்சர் திருத்தவில்லை. அந்தக் கிழவர் அப்படித்தான் பாடினார் என்றால் நோட்டிலும் அப்படியே. 1937இல் பேண்டுக்காக அந்தப் பாடல்களை ஆறு பகுதிகளாக எழுதியபோதும் அந்த வழுக்கல்களை அப்படியே வைத்தார். அதனால் தாளக்கணக்கு வரிக்கு வரி மாறும், ஐந்தாவது பகுதியின் தொடக்கத்தில் கணக்கே கிடையாது, கண்டக்டர் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் கை காட்ட வேண்டும். முதன்முதலாக வாசித்த பேண்டுக்காரர்கள் திணறினார்கள். இந்த மாணவர்கள் திணறவில்லை, ஆனால் எண்ணிக்கொண்டே வாசித்தார்கள், முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பாடல்களில் ஒன்று வேட்டைத் திருடர்கள் காவலாட்களோடு மோதுகிற கதை. கிழவர் அதைப் பாடும்போது ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியிருக்க மாட்டார்.

அந்த வேட்டைத் திருடர்கள் பகுதியில் வரும் தனிவரியை ஃப்ளூகல் ஹார்னிலும் வாசிக்கலாம், சோப்ரானோ சாக்ஸபோனிலும் வாசிக்கலாம் என்று கிரெய்ஞ்சர் இரண்டு வழியும் எழுதிவைத்திருக்கிறார். அன்று சாக்ஸபோன். கிரெய்ஞ்சருக்கு அந்த வாத்தியத்தின்மேல் அலாதி பிரியம். 1917இல் அமெரிக்க ராணுவத்தில் பேண்டுக்காரராகச் சேர்ந்தார், ஊரறிந்த பியானோ வித்வான், போய் வாசித்ததோ ஓபோவும் சோப்ரானோ சாக்ஸபோனும். 1932இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்தபோது டியூக் எலிங்டனையும் அவருடைய முழு பேண்டையும் தன் வகுப்புக்கு வரவழைத்து வாசிக்க வைத்தார். முன்பாதியின் 'கிளாசிக்கல்' ஆள், பின்பாதியின் 'ஜாலி' ஆளை வரவேற்றது அப்போதே நடந்துவிட்டது. நிகழ்ச்சித் தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைப் போட்டிருந்தால் முழுக் கச்சேரியும் ஒரே கதையாகியிருக்குமே என்று ஆற்றாமையாக இருந்தது.

கதை இன்னும் பின்னால் போகிறது. கன்சர்வேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வயலினும் பியானோவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகம் பூராவும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட பாரிஸ் கன்சர்வேட்டரி, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேசியக் காவல்படை பேண்டுக்கு ஆட்களைப் பழக்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. பெர்னார் சாரெட் என்பவர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் 1795இல் பழைய பாட்டுப்பள்ளியோடு சேர்ந்து கன்சர்வேட்டரி ஆனது. ஊர்வலத்தில் ஊதுகிறவர்களை உருவாக்கத்தான் முதலில் கட்டினார்கள். சாக்ஸபோனும் அதே வழிதான். பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் பாரிஸில் 1846இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார், ராணுவ பேண்டுகளை மனதில் வைத்து. 1857இலிருந்து பாரிஸ் கன்சர்வேட்டரியில் ராணுவ மாணவர்களுக்கு அவரே சொல்லியும் கொடுத்தார். 1870இல் வகுப்பை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1942இல், மார்செல் மியூல் ஆசிரியராக வந்தபோது. இடைப்பட்ட எழுபது வருஷத்தில் அந்த வாத்தியம் சும்மா இருக்கவில்லை, கடல் தாண்டி அமெரிக்காவில் சர்க்கஸிலும் வாடெவில் என்ற கதம்பக் கேளிக்கை மேடையிலும் நடனக் கூடங்களிலும் வாழ்ந்து தன்னுடைய இசையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

மைசூர் அரண்மனை பேண்டுக்கும் போனது. நாதஸ்வரக்காரரின் மகனான கத்ரி கோபால்நாத் அங்கேதான் அதைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தார், பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஏ.கே.சி. நடராஜன் கையில் கிளாரினெட்டும் அப்படித்தான். ராணுவத்துக்காகச் செய்த சாக்ஸபோன் தோடி வாசிக்கும் என்றால் ப்ளூஸ் வாசிப்பதில் என்ன ஆச்சரியம்?

இடைவேளையில் நாங்கள் வெளியே போகவில்லை. மேடையை மாற்றுவதைப் பார்ப்பது தனி சுவாரசியம். அரைவட்டம் கலைந்து மூன்று வரிசையானது. முன்னால் ஐந்து சாக்ஸபோன், அதற்குப் பின்னால் டிராம்போன், கடைசியில் டிரம்பெட், இடது பக்கம் பியானோ, பேஸ், டிரம் செட். டிம்பனி முரசுகளை ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சாக்ஸபோன் பெண் வாய்ப்பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொண்டாள். முன்பாதிக்கு உருண்டு திரண்டு மற்ற வாத்தியங்களோடு கலக்கிற சத்தம் வேண்டும், பின்பாதிக்கு விளிம்பு தெரிகிற சத்தம் வேண்டும், வாத்தியம் அதேதான், அந்த ஒரு துண்டு போதும். ஓபோக்காரர்களும் பாசூன்காரர்களும் ஹார்ன்காரர்களும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பார்வையாளர் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். பிக் பேண்டில் அவர்களுக்கு வழக்கமாக வேலை இல்லை.

ஹார்ன்காரர்கள் அப்படி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது கன்தர் ஷுல்லர் ஞாபகம் வந்தது. பதினேழு பதினெட்டு வயதிலேயே சின்சினாட்டி சிம்பொனியில் ஹார்ன் வாசித்தவர், பிறகு நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்மை ஹார்ன். 1950இல் ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழுவோடு ஒலிப்பதிவுக்கும் போய் வாசித்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர், 1967இல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரிக்குத் தலைவராக வந்தார். இரண்டே வருஷத்தில், 1969இல், அங்கே ஜாஸ் துறை தொடங்கியது. அதே 1969இல்தான் ஃபிராங்க் பாட்டிஸ்டி அங்கே விண்ட் என்செம்பிளையும் தொடங்கினார். ஒரே கட்டிடத்தில் ஒரே வருஷம் இரண்டும். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. வயலினை நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த உலகத்தில் இரண்டு கூட்டமும் ஓரத்தில் நின்றவைதான்.

பெர்ன்ஸ்டைன் தன்னுடையதை 1949இல் உட்டி ஹெர்மனின் ஜாஸ் பேண்டுக்காக எழுதினார். வாசிப்பதற்குள் அந்த பேண்டு கலைந்துவிட்டது, 1955இல்தான் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒலித்தது. எட்டு நிமிடம் வரும், மூன்று துண்டு, நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். முதல் துண்டு பித்தளை வாத்தியங்களுக்கு, இரண்டாவது சாக்ஸபோன்களுக்கு, மூன்றாவதில் கிளாரினெட் தனியாக உள்ளே நுழைய எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ஃபியூக்கை அந்த ஐந்து சாக்ஸபோன்களும் வாசித்த அழகு இருக்கிறதே, ஒருவர் சொன்னதை அடுத்தவர் பிடித்துக்கொண்டு போக, முதலாமவர் அதற்கு எதிராக வேறொன்று சொல்ல, அந்த மாலையில் மிகச் சுத்தமான வாசிப்பு அதுதான். கிளாரினெட் வாசித்த பையனையும் சொல்ல வேண்டும். மேல்ஸ்தாயியில் கீச்சென்று போகாமல், சிரித்துக்கொண்டே வழுக்கிக்கொண்டு ஏறினான்.

ஆனால் மூன்றாவது துண்டில் ஏதோ இறுக்கம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. கண்டக்டர் ஒவ்வொரு தட்டுக்கும் கை காட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் கையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெர்ன்ஸ்டைன் எழுதியதில் அது தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு, தாளம் அடிக்கடி மாறும். ஆனால் ரிஃப் என்று ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கும் இடத்தில் காலம் இருப்பது டிரம்மரின் வலது கை சிம்பலிலும் பேஸ்காரரின் விரலிலும். கண்ணால் பார்த்து வாசிப்பது வேறு, காதால் கேட்டுச் சாய்ந்து வாசிப்பது வேறு. ஸ்விங் என்பது ஒரு தட்டின் இரண்டு பாதியில் முதலாவது நீளம், இரண்டாவது குறுக்கம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். எவ்வளவு நீளம் என்பது வேகத்தைப் பொறுத்து மாறும், வேகம் கூடினால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அதை நோட்டில் எழுத முடியாது, பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள முடியும்.

கடைசியில் எலிங்டன், ஸ்ட்ரேஹார்ன். டிசம்பர் வந்தால் பாஸ்டனில் நட்கிராக்கரிடமிருந்து யாரும் தப்பிக்க முடியாது, கடையில், லிஃப்டில், போனில் காத்திருக்கச் சொல்லும்போது என்று எங்கும் அதுதான், நானும் சலித்துப்போயிருந்தேன். இவர்கள் 1960இல் செய்த வேலை அந்தச் சலிப்பையெல்லாம் துடைத்துவிடுகிறது. கண்டக்டர் வந்தார், விரலைச் சொடுக்கி நாலு எண்ணினார், அப்புறம் மேடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான், பேண்டு நிமிர்ந்துவிட்டது. முதல் டிரம்பெட் எப்படி வெட்டி முடிக்கிறாரோ அப்படி மற்ற மூவரும், முதல் ஆல்டோ எங்கே குழைகிறாரோ அங்கே மற்ற நால்வரும். டிரம்பெட்காரர்கள் பிளஞ்சரை எடுத்து வாத்தியத்தின் வாயை மூடித் திறந்து வா வா என்று பேச வைத்தபோது அப்பா, "அது என்னடா, பாத்ரூம் அடைச்சுண்டா குத்தற சாமான் மாதிரி இருக்கு?" என்றார். அதேதான்ப்பா என்றேன். நம்பவில்லை. கடையில் விற்கும் அந்த ரப்பர் கிண்ணத்தைக் கைப்பிடி கழற்றி வாங்கிவந்து எலிங்டன் பேண்டில் பபர் மைலியும் ட்ரிக்கி சாம் நான்டனும் ஊமைக்குரலை அழ வைத்தார்கள், இன்றும் மாணவர்கள் ஹார்டுவேர் கடைக்குத்தான் போகிறார்கள்.

சர்க்கரைத் தேவதையின் நடனம் என்று சாய்கோவ்ஸ்கி செலெஸ்டா என்ற மணியொலி தரும் கட்டை வாத்தியத்தில் கிண்கிணியென்று எழுதிய பகுதி இவர்களிடம் 'சுகர் ரம் செர்ரி' ஆகிறது. மெல்ல, ரொம்ப மெல்ல, டிரம்மின் அடித்தொண்டைமேல் டெனர் சாக்ஸபோன் அந்த மெட்டை இழுத்துக்கொண்டு நடக்கும். அந்த மாலையின் ஆகக் கடினமான வாசிப்பு இதுதான் என்பது என் கட்சி, கிரெய்ஞ்சரின் மாறுகணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேகமாக வாசித்தால் தவறு ஓடிவிடும். இவ்வளவு மெதுவாகப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் விழ வேண்டுமென்றால், அடுத்த தட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த நீண்ட காலி இடத்தை எல்லோரும் ஒரே அளவாக உணர வேண்டும். கவுண்ட் பேசி என்ற பிக் பேண்டு தலைவர், நீல் ஹெஃப்டியின் ஒரு பாட்டை எழுதிய வேகத்தைவிட வெகுவாகக் குறைத்து வாசிக்க வைத்தார், இன்றுவரை மாணவ பேண்டுகளின் தரத்தைப் பார்க்க அதையே கொடுக்கிறார்கள். இவர்கள் பாதிவரை பிடித்திருந்தார்கள், பிறகு கொஞ்சம் முந்தினார்கள். பரவாயில்லை. பாதிவரை பிடித்ததே பெரிது.

கைதட்டலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்பாதியில் கிரெய்ஞ்சரின் இரண்டாவது பகுதி முடிந்ததும் யாரோ ஒருவர் தட்ட, நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். பின்பாதியில் டெனர்காரர் தனி வாசித்து முடித்ததும் தட்ட வேண்டும், அங்கே பாதிப்பேர் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள், முறைத்த அதே நாலு பேரும்தான். அப்பாவுக்கு இரண்டு சட்டமும் புரியவில்லை. நல்ல பிடி விழுந்தால் அந்த இடத்திலேயே தலையாட்டுவதும் ஆகா என்பதும்தான் அவருக்குத் தெரியும், அதை ஸ்ட்ராஸுக்கும் செய்தார், எலிங்டனுக்கும் செய்தார். பக்கத்திலிருந்த பாட்டி முதலில் ஒரு மாதிரி பார்த்தார், பின்பாதியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

ஸ்ட்ரேஹார்ன் இளம்வயதில் ஆசைப்பட்டது கிளாசிக்கல் இசை எழுத. 1930களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, 1939இல் எலிங்டனோடு சேர்ந்தார், அவருடைய பெயர் பல வருஷம் எலிங்டனின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தது. அப்படிப்பட்டவர் சாய்கோவ்ஸ்கியைக் கையிலெடுத்ததை விளையாட்டு என்று நாலு வரியில் முடிப்பது சரியில்லை.

என் கையில் அதிகாரம் இருந்தால் வரிசையைத் திருப்பிப் போடுவேன். முதலில் எலிங்டன், காது புத்துணர்வோடு இருக்கும்போது. அப்புறம் பெர்ன்ஸ்டைன், இடைவேளை, கிரெய்ஞ்சர், கடைசியில் 13 பேர் மட்டும் மேடையில், ஸ்ட்ராஸ். ஐந்து சாக்ஸபோன்கள் நெருக்கமாக நின்று நகரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஸ்ட்ராஸின் நாலு ஹார்ன்களுக்கு வந்தால் அந்த ஒட்டுறவு தானாகக் காதில் விழும். பிரமாண்டமாக முடிக்க வேண்டும், ஜனங்கள் எழுந்து நின்று தட்ட வேண்டும் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டியிருக்கும், அது எந்த நிர்வாகிக்கும் சம்மதமாக இருக்காது என்பதும் தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம், எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. நட்கிராக்கருக்கு எலிங்டன் பேண்டின் 1960 பதிவு. பெர்ன்ஸ்டைனுக்கு அவரே நடத்தி பென்னி குட்மன் கிளாரினெட் வாசித்தது. கிரெய்ஞ்சருக்கு ஃபென்னல் ஈஸ்ட்மன் மாணவர்களோடு செய்தது. ஸ்ட்ராஸுக்கு யார் வாசித்ததானாலும் சரி, ஹார்ன் நன்றாக இருந்தால் போதும். ஸ்ட்ராஸுக்கு வருவதற்குள் நேரமாகிவிட்டதே என்று மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அது பத்து நிமிடம்தான்.